"இவன்கிட்ட நீங்களே சொல்லுங்க டாக்டர்"

இந்த மாதத்தில் இது மூன்றாவது ஜோடி. தம்பியைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வருகிறார். (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.) தம்பிக்கு இரண்டு மாதமாகத் தூக்கமில்லை, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார், வண்டியைக் கண்மண் தெரியாமல் ஓட்டுகிறார். எல்லாவற்றையும் தேதி வாரியாகச் சொன்ன அண்ணன், கடைசியில் என் பக்கம் திரும்பி, "எனக்கு இவன்னா உயிரு. இவன்கிட்ட நீங்களே சொல்லுங்க டாக்டர்" என்றார். கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு நான் தூது!

"நீங்களே சொல்லுங்களேன்" என்றேன். சாவிக்கொத்தை உருட்டிக்கொண்டே இருந்தார். வெகுநேரம் கழித்து வந்தது: "சாப்டியாடா?" தம்பி "ம்" என்றார். அன்றைக்கு அவ்வளவுதான்.

"அண்ணன் தம்பிக்குள்ள சொல்லித்தான் தெரியணுமா?" இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ஆமாம், சொல்லித்தான் தெரியும். மனச்சோர்வில் இருப்பவருக்குச் சொல்லாத பாசம் கண்ணில் படாது. உங்கள் மௌனத்தை 'நான் இவனுக்குப் பாரம்' என்றுதான் எடுத்துக்கொள்வார். ஃபீஸ் கட்டினேன், கடனை அடைத்தேன், அது பாசமில்லையா என்பீர்கள். பாசம்தான். ஆனால் அவர் மனதில் அது இன்னொரு கடனாக ஏறுகிறது. சின்ன வயதில் ஒரே போர்வைக்குள் தூங்கியவர்கள்தானே? மீசை அரும்பிய பிறகு, தோளில் கை போட்டதற்கு யாரோ கிண்டல் செய்திருப்பார்கள். எப்போதும் இப்படி இருந்ததில்லை. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் எடுத்த ஸ்டூடியோ படங்களைப் பாருங்கள்: ஆண்கள் கைகோத்து, மடியில் உட்கார்ந்துகூட போஸ் கொடுத்திருக்கிறார்கள். இப்போது வரும் இருபது வயதுப் பையன்களும் பரவாயில்லை. நாற்பதைத் தாண்டியவர்களோடுதான் என் மல்லுக்கட்டு.

ஆண்களின் மனச்சோர்வு பல நேரம் கோபமாக, குடியாக, ஓயாத வேலையாக வரும். மனச்சோர்வைக் கண்டுபிடிக்க நாங்கள் கொடுக்கும் கேள்வித்தாள்களுக்கே தப்பிவிடும். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2021இல் உலகம் முழுக்கத் தற்கொலையால் இறந்தவர்கள் சுமார் 7,27,000 பேர். ஆண்களிடம் இந்த விகிதம் பெண்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு.

முகம் பார்த்துப் பேச வரவில்லையா? நடந்துகொண்டே பேசுங்கள். குடித்துவிட்டுப் பேசியது கணக்கில் சேராது. 'ஆம்பளையா இரு' மட்டும் வேண்டாம், தயவுசெய்து. "செத்துடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். மாத்திரை, பூச்சிமருந்தை எடுத்து அப்புறப்படுத்திவிட்டு, உடனே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். அப்புறம், அங்கே அவரைக் கேட்கும் கேள்விக்கு நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லாதீர்கள்.