கன்சாலிடேஷன்: ஒருங்கிணைப்பா, திரட்டலா?

மாநில அரசின் கணினிப் பணிகளை எல்லாம் துறைகளிடமிருந்து எடுத்து ஒரே முகமையின் கையில் கொடுப்பதை ஆங்கிலத்தில் 'ஐ.டி. கன்சாலிடேஷன்' என்பார்கள். தமிழில் இதற்குச் சட்டென்று எழுதப்படும் சொல் 'ஒருங்கிணைப்பு'. கோஆர்டினேஷனுக்கும் அதே சொல், இன்டக்ரேஷனுக்கும் அதே சொல். துறைகள் கூடிப் பேச வேண்டுமா, அவற்றின் மென்பொருள்கள் ஒன்றுக்கொன்று தரவு கொடுத்து வாங்க வேண்டுமா, அல்லது சர்வர், ஆள், ஒப்பந்தம், பணம் நான்கையும் துறை கையளித்துவிட வேண்டுமா? ஆணையில் 'ஒருங்கிணைப்பு' என்று மட்டும் இருந்தால் படிக்கிற அதிகாரி தனக்கு வசதியான பொருளை எடுத்துக்கொள்வார். சொல் சரியில்லாததால் வேலை கெடும் இடங்களில் இது ஒன்று.

முதலில் ஆங்கிலச் சொல்லைப் பார்க்கலாம். இலத்தீனில் 'சோலிடுஸ்' என்றால் கெட்டியானது, உள்ளே வெற்றிடம் இல்லாதது. ரோமப் பேரரசின் தங்க நாணயத்துக்கும் அதே பெயர்தான். படைவீரனைக் குறிக்கும் 'சோல்ஜர்' அந்த நாணயத்தின் வழி வந்த சொல். 'கொன்' என்ற முன்னொட்டு 'சேர்த்து' என்று பொருள்படும். ஆக, கன்சாலிடேட் என்றால் சேர்த்துக் கெட்டியாக்குதல். மருத்துவர்கள் இன்றும் இந்த முதற்பொருளில்தான் சொல்கிறார்கள். நிமோனியாவில் நுரையீரலின் காற்றறைகள் நீர் கோத்துக் கெட்டிப்படுவதற்குப் பெயர் கன்சாலிடேஷன்.

அரசு நிர்வாகத்துக்குள் இந்தச் சொல் பணத்தின் வழியாக நுழைந்தது. பிரிட்டன் 1751-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே, பல பெயர்களில் கிடந்த அரசுக் கடன் பத்திரங்களை ஒன்றாக்கியது. அவற்றைச் சுருக்கமாகக் 'கன்சால்' என்றார்கள். தனித்தனித் தலைப்புகளில் வந்துகொண்டிருந்த வரி வருவாய்கள் 1787-இல் ஒரே பெட்டியில் விழத் தொடங்கின. அந்தப் பெட்டிதான் கன்சாலிடேட்டட் ஃபண்ட். இந்திய அரசமைப்பின் 266-ஆம் பிரிவு ஒன்றியத்துக்கும் ஒவ்வொரு மாநிலத்துக்கும் அப்படி ஒரு நிதியை வைத்திருக்கிறது. அதைத் தமிழில் 'தொகுப்பு நிதி' என்று எழுதுகிறோம். இலங்கை அரசமைப்பின் தமிழில் அதன் பெயர் 'திரட்டு நிதியம்'. ஒரே பொருளுக்கு இரு தமிழ்ச் சொற்கள். இவற்றில் இலங்கைத் தமிழ் எடுத்ததே பொருளுக்கு நெருக்கமானது.

காரணத்தைச் சொல்கிறேன். ஒருங்கிணைப்பில் இருப்பது 'இணை'. இணைந்தவை இணைந்த பிறகும் இரண்டாகவே இருக்கும். மாட்டுவண்டியில் பூட்டிய இணைக் காளைகளை அவிழ்த்துவிட்டால் தனித்தனியே போய்விடும். தொகுப்பிலும் அப்படித்தான், தொகுத்த உருப்படிகளை எண்ணிக் காட்ட முடியும். 

திரள் என்ற வேர் வேறு வகை. உருள் உருட்டு ஆவதுபோல, சுருள் சுருட்டு ஆவதுபோல, தானாக நிகழும் 'திரள்' பிறர் செய்யும் 'திரட்டு' ஆகிறது. கூட்டம் திரள்கிறது, மேகம் திரள்கிறது என்பதில் சேர்தல் தெரிகிறது. மோரில் வெண்ணெய் திரள்கிறது என்பதில் சேர்தலோடு கெட்டிப்படுதலும் தெரிகிறது. திரட்டுப்பால் காய்ச்சும் அடுப்படியைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். பால் சுண்டச் சுண்ட அளவு குறையும், கைவிடாமல் கிண்ட வேண்டும், அடிபிடித்தால் பாத்திரம் முழுவதும் தீய்ந்த வாசம் ஏறும். இலத்தீன்காரர் 'சோலிடுஸ்' என்று நினைத்தது தமிழில் இந்த வினையடியில் அப்படியே இருக்கிறது.

ஆகவே கன்சாலிடேஷனுக்கு என் பரிந்துரை 'ஒன்றுதிரட்டல்'. தனியே 'திரட்டல்' என்றால் நிதி திரட்டல், ஆதரவு திரட்டல் நினைவுக்கு வரும். வலைப்பதிவுக் காலத்திலிருந்து 'திரட்டி' என்பது பல தளங்களின் இடுகைகளைக் காட்டும் பக்கத்துக்கும் பெயராகிவிட்டது. முதல் முறை ஒன்றுதிரட்டல் என்று எழுதிவிட்டால், பிறகு வரும் இடங்களில் திரட்டல் என்று சுருக்கிக்கொள்ளலாம்.

பக்கத்தில் நிற்கும் சொற்களையும் பிரித்துவிட வேண்டும். மையப்படுத்தல் அதிகாரத்தைப் பற்றியது. சர்வர்கள் நூறு இடத்தில் இருந்தாலும், வாங்கும் ஒப்புதல் ஓரிடத்தில் என்றால் அது மையப்படுத்தல். பல துறைகளின் சர்வர்கள் ஒரே கட்டடத்தில் இருந்து, ஒவ்வொன்றுக்கும் அந்தந்தத் துறையே உரிமையாளராக இருந்தால் அது ஓரிடவைப்பு, வாடகைக்கு அறை எடுத்தது போல. இந்தியாவில் 2006-இல் வந்த தேசிய மின்னாளுமைத் திட்டத்தின் கீழ் மாநிலங்கள் கட்டிய மாநிலத் தரவு மையங்களில் இந்த முறை பரவலாகக் காணப்படுகிறது. மின்சாரம், குளிர்ச்சி, காவல் பொது. மென்பொருளும் அதன் தரவும் துறையின் பொறுப்பு. 'ஒரே குடையின் கீழ்' என்று செய்தியில் எழுதுவது இந்த நிலைக்குத்தான் பொருந்தும். குடைக்கடியில் நிற்பவர்கள் தனித்தனி ஆட்கள்.

முழுமையான ஒன்றுதிரட்டலுக்கு அமெரிக்க மாநிலங்கள்தான் நீண்ட பாடம். மிச்சிகன் 2001-இல் ஆளுநரின் ஆணை ஒன்றால் தனித் தகவல்தொழில்நுட்பத் துறையை உருவாக்கி, கருவிகளோடு மென்பொருள் எழுதும் ஆட்களையும் அங்கே மாற்றியது. வெர்ஜீனியா 2003 ஜூலையில் வீட்டா என்று சுருக்கமாக அழைக்கப்படும் மாநிலத் தகவல்தொழில்நுட்ப முகமையை அமைத்தது. அங்கே திரட்டப்பட்டவை சர்வர், வலையமைப்பு, மேசைக் கணினி, மின்னஞ்சல் போன்ற அடித்தள வசதிகள். ஓட்டுநர் உரிமம் வழங்கும் மென்பொருள் போன்ற செயலிகள் அந்தந்தத் துறையிடமே இருந்தன. பல்கலைக்கழகங்களும் நீதிமன்றங்களும் சட்டமன்றமும் இதற்கு வெளியே. 'முழு மாநிலமும்' என்று தலைப்பில் வந்தாலும் எது பானைக்குள், எது வெளியே என்ற பட்டியலைத் தேடிப் படித்தால்தான் திட்டம் விளங்கும்.

இந்த அடித்தள வசதிகளை நடத்த வீட்டா 2005-இல் நார்த்ராப் கிரம்மன் நிறுவனத்தோடு பத்தாண்டு ஒப்பந்தம் போட்டது. மதிப்பு சுமார் 230 கோடி டாலர். ரிச்மண்டுக்கு அருகே செஸ்டரில் முதன்மைத் தரவு மையம், மாநிலத்தின் தென்மேற்கே லெபனானில் துணை மையம். 2010 ஆகஸ்ட் 25 அன்று செஸ்டரின் பெரிய சேமிப்புக் கருவி ஒன்றில் நினைவக அட்டை பழுதானது. அதைச் சரிசெய்யும் வேலையினூடே சேமிப்பு முழுவதும் விழுந்தது. 26 துறைகள் பாதிக்கப்பட்டன. ஓட்டுநர் உரிம அலுவலகங்களில் ஏறத்தாழ ஒரு வாரம் உரிமம் அச்சிட முடியவில்லை. வெண்ணெய் திரளும் நேரத்தில் தாழி உடைந்தது என்ற நம் பழமொழிக்கு இதைவிட நேரான எடுத்துக்காட்டு இல்லை. முன்பு ஒரு துறையின் அட்டை பழுதானால் அந்தத் துறை மட்டும் நின்றிருக்கும்.

பின்னால் நடந்த வெளியார் ஆய்வு, அட்டையை மாற்றத் தேர்ந்த நேரத்தைக் குறை சொன்னது. தரவின் குறித்த நேரப் பிரதிகள் எடுக்கப்படாமல் இருந்ததையும் சுட்டிக்காட்டியது. இந்த இரண்டாவதைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். இரு மையங்களுக்கிடையே நிகழ்நேரத்தில் நகல் ஓடினால் போதும் என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. அது கண்ணாடி மாதிரி. இங்கே தரவு சிதைந்தால் அடுத்த நொடியே அங்கேயும் சிதையும். கட்டடம் எரிந்தால் கண்ணாடி காப்பாற்றும், சிதைந்த தரவிலிருந்து காப்பாற்றாது. அதற்குக் காலை 6 மணி நிலை, பகல் 12 மணி நிலை என்று மாற்ற முடியாதபடி உறையவைத்த பிரதிகள் வேண்டும். அவை இல்லையென்றால் மிச்சமிருப்பது முந்தைய இரவின் காந்த நாடா. நாடாவிலிருந்து மீட்டு, விடுபட்ட பதிவுகளைச் சரிபார்த்து முடிக்க நாள்கணக்கில் ஆகும்.

டெக்சஸ் மாநிலத்துக்கும் காப்புப் பிரதிதான் வினையானது. 2005-இல் சட்டம், 2006-இல் ஐ.பி.எம். நிறுவனத்தோடு ஏழாண்டுக்கு 86.3 கோடி டாலர் ஒப்பந்தம். 27 துறைகளின் தரவு மையங்களை ஆஸ்டின், சான் ஏஞ்சலோ என்ற இரண்டில் அடக்குவது திட்டம். 2008-இல் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்தின் மருத்துவ உதவி மோசடி வழக்குக் கோப்புகள் பழுதில் போயின, மீட்கக் காப்புப் பிரதி இல்லை. அக்டோபரில் ஆளுநர் ரிக் பெர்ரி மேற்கொண்டு சர்வர்களை இடமாற்றம் செய்வதை நிறுத்தி வைத்தார். 2012-இல் வேலை வேறு நிறுவனங்களிடம் போனது. இங்கே ஒரு நடைமுறை ஓட்டை எப்போதும் இருக்கும்: இடமாற்றத்துக்கு முன் துறையின் பழைய ஆள் நாடா எடுத்துக்கொண்டிருந்தார், இடமாற்ற நாளில் அவர் கடமை முடிந்தது, புதிய முகமையின் கடமை எந்த நாளில் தொடங்குகிறது என்று தாளில் இல்லை. ஒவ்வொரு சர்வருக்கும் கடைசிப் பழைய பிரதியின் தேதி, முதல் புதிய பிரதியின் தேதி, அதிலிருந்து ஒரு கோப்பையாவது மீட்டுப் பார்த்த தேதி என்று மூன்று கட்டங்கள் நிரம்பாமல் பழைய ஆளை விடுவிக்கக் கூடாது.

தென்கொரியாவில் நடந்தது மாநில அளவில் அல்ல, நாட்டளவில். 2025 செப்டம்பர் 26 அன்று தேஜான் நகரின் தேசியத் தகவல் வள மையத்தில் லித்தியம் மின்கலங்கள் தீப்பிடித்தன. 709 அரசுத் தகவல் அமைப்புகள் நின்றன (முதலில் 647 என்று அறிவித்தார்கள்). அரசு ஊழியர்கள் கோப்பு வைத்திருந்த ஜி-டிரைவ் 858 டெராபைட் அளவுக்கு எரிந்துபோனது. இவ்வளவு பெரிதாக இருப்பதால் வெளியே பிரதி வைக்கவில்லை என்பது அங்கே சொல்லப்பட்ட காரணம். திரட்டத் திரட்ட அளவு பெருகும், பெருகப் பெருகப் பிரதி எடுப்பது கடினமாகும். இதைத் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே எழுதி விலை போட வேண்டும்.

வேலையின் வரிசைக்கு வருவோம். தொடக்கம் கணக்கெடுப்பு. வலையமைப்பை அலசும் மென்பொருள் பெரும்பாலானவற்றைக் கண்டுபிடிக்கும். தனி வலையில் இருப்பதை, மேசைக்கடியில் ஓடிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடிக்காது. அவற்றுக்கு ஆள்தான் போக வேண்டும். சர்வருக்கு உரிமையாளர் யார், அதை எந்த மென்பொருள் நம்பியிருக்கிறது, பராமரிப்பு ஒப்பந்தம் எப்போது முடிகிறது, உரிமம் வேறு அமைப்பின் பெயருக்கு மாற்றத்தக்கதா என்று கேட்டுப் பதிய வேண்டும். இடமாற்றத்தில் மின்னஞ்சலும் பயனர் கணக்குகளும் முதலில் போவது நல்லது. எல்லாத் துறையிலும் ஏறக்குறைய ஒன்றே போல இருப்பவை அவை. அடுத்து வலையமைப்பு, பிறகே சர்வர்கள், அதுவும் ஒன்றையொன்று நம்பியவற்றைச் சேர்த்து அலை அலையாக. வரி கட்டும் கடைசி நாள், தேர்வு முடிவு நாள், சம்பள நாள் ஆகியவற்றை ஒட்டி எதையும் நகர்த்தக் கூடாது.

பலரும் தவறவிடுவது ஆள் சார்ந்த சட்டம். அமெரிக்காவில் குற்றப் பதிவுகள் உள்ள சர்வரைத் தொடும் நிர்வாகி, கைரேகை கொடுத்துப் பின்னணிச் சோதனையில் தேறியிருக்க வேண்டும். கூட்டாட்சி வரித் தரவுக்கு வரித்துறையின் 1075-ஆம் எண் வெளியீடு தனி விதிகள் வைத்திருக்கிறது. காவல் துறையில் தனி நிர்வாகி இருந்தவரை இது நாலு பேர் விஷயம். திரட்டிய பின் ஒரே அணி எல்லாச் சர்வரையும் தொடுவதால், அணி முழுவதும் கைரேகை கொடுக்க வேண்டும், அல்லது அந்தச் சர்வர்களைத் தனியே வேலிகட்டிச் சிலருக்கு மட்டும் சாவி கொடுக்க வேண்டும். இதை முன்பே தீர்மானிக்காத திட்டம் காவல் துறையின் வாசலில் மாதக்கணக்கில் நிற்கும்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. முகமை ஒவ்வொரு சேவைக்கும் விலை வைத்துத் துறையிடம் வசூலிக்கும். அமெரிக்காவில் கூட்டாட்சி மானியத்தில் நடக்கும் துறை அந்தக் கட்டணத்தை மானியத்திலிருந்து கட்டுவதால், அடக்கவிலைக்கு மேல் வைக்க முடியாது. முகமை கையிருப்பாக வைத்துக்கொள்ளும் தொகையும் பொதுவாக 60 நாள் செலவைத் தாண்டக் கூடாது. துறைகளின் மனக்குறை பிறப்பது இங்கேதான். முன்பு அந்தச் செலவு பல தலைப்புகளில் ஒளிந்திருந்தது, இப்போது ஒரே தாளில் பெரிய எண்ணாக வருகிறது. திரட்டலுக்கு முந்தைய உண்மைச் செலவைக் கணக்கெடுத்து வைக்காதவர்களிடம் 'கூடிவிட்டது' என்ற புகாருக்குப் பதிலே இருக்காது.

'ஏஜென்சி'க்கும் ஒரு வார்த்தை. செய்தல் என்ற பொருளுள்ள இலத்தீன் வினை அதன் வேர். வெர்ஜீனியாவில் அரசின் ஒவ்வொரு துறையும் ஏஜென்சிதான், வீட்டாவும் ஏஜென்சிதான். மொழிபெயர்க்கும்போது இரண்டுக்கும் 'முகமை' என்று போட்டால் வாக்கியம் குழம்பும். கொடுக்கிற பக்கத்துக்குத் துறை, வாங்கிக்கொள்கிற பக்கத்துக்கு முகமை என்று பிரித்துக்கொள்ளலாம்.

எழுதும்போது எந்தச் சொல் என்று ஐயம் வந்தால் ஒரு கேள்வி போதும்: அந்தத் துறை நாளைக்கே தன் சர்வரையும் ஆளையும் கூட்டிக்கொண்டு வெளியேற முடியுமா? முடியும் என்றால் ஓரிடவைப்பு அல்லது ஒருங்கிணைப்பு என்று எழுதுங்கள். முடியாது என்றால் ஒன்றுதிரட்டல். ஆணையின் வாசகம் இப்படி இருக்கலாம்: 'இணைப்பிலுள்ள துறைகளின் சர்வர்கள், அவற்றின் பணியிடங்கள், பராமரிப்பு ஒப்பந்தங்கள், நிதி ஒதுக்கீடு ஆகியன குறிப்பிட்ட நாள் முதல் முகமையிடம் ஒன்றுதிரட்டப்படும், துறைசார் செயலிகளும் அவற்றின் தரவு உரிமையும் துறையிடமே தொடரும்.'