கெசெருனான், பிந்தாசான்: தமிழில் எப்படிச் சொல்வது?

மலேசியாவில் தமிழ்ப்பள்ளியில் கணக்கைத் தமிழில் படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு, படிவம் 3இல் நேர்க்கோடு பாடம் வரும்போது காதில் விழுவது கெசெருனான், பிந்தாசான் என்ற மலாய்ச் சொற்கள்தான். கணக்கை ஆங்கிலத்தில் நடத்தும் டிஎல்பி வகுப்பு என்றால் கிரேடியன்ட், இன்டர்செப்ட். செந்தூலில் டியூஷனுக்கு உட்கார்ந்து தமிழிலேயே பேசும் பிள்ளைகள்கூட இந்த இரண்டுக்கும் மட்டும் மலாய்க்குத் தாவிவிடுவார்கள்.

கிரேடியன்ட், ஸ்லோப் இரண்டும் இங்கே ஒன்றுதான். தமிழ்நாட்டுப் பாடநூலில் சாய்வு, இலங்கையில் படித்திறன். கிரேடியன்டுக்கு வேரான 'கிராடுஸ்' என்ற லத்தீன் சொல்லுக்கு அடி, படி என்று பொருள், ஆக இலங்கைக்காரர்கள் வேரைப் பிடித்திருக்கிறார்கள். பத்துமலைப் படிக்கட்டையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு படியின் உயரத்தை, கால் வைக்கும் இடத்தின் அகலத்தால் வகுத்தால் வருவது சாய்வு. 272 படியும் ஒரே அளவு என்றால் எங்கே அளந்தாலும் அதே விடைதான், கோடு நேராக இருப்பதும் அதனால்தான். சிலர் சரிவு என்று எழுதுகிறார்கள், எனக்கு அது ஒத்துவரவில்லை. சரிவு என்றாலே இறங்குவது, அப்புறம் ஏறுகிற கோட்டை என்னவென்று சொல்வது?

இன்டர்செப்ட் என்பதும் லத்தீன் வழி வந்ததுதான், நடுவில் பிடித்துக்கொள்வது என்று பொருள். மலாயில் 'பிந்தாஸ்' குறுக்கே வெட்டிப் போவது. குறுக்குவழியை ஜாலான் பிந்தாஸ் என்கிறோமே, அதே சொல். தமிழில் வெட்டுத்துண்டு: கோடு அச்சை வெட்டும்போது, ஆதிப்புள்ளியிலிருந்து, அதாவது (0, 0)இலிருந்து, அந்த இடம் வரை கிடைக்கும் துண்டு. ஆதிப்புள்ளிக்கு இடப்பக்கமோ கீழேயோ வெட்டினால் குறைக்குறி போடவேண்டும், அவ்வளவுதான்.

டியூஷனில் சேர 20 வெள்ளி, ஒரு வகுப்புக்கு 15 வெள்ளி என்றால் ஒய் = 15எக்ஸ் + 20 (எக்ஸ் வகுப்புகளின் எண்ணிக்கை, ஒய் மொத்தக் கட்டணம்). இதன் பொது வடிவம் ஒய் = எம்எக்ஸ் + சி: எம் சாய்வு, சி ஒய் அச்சின் வெட்டுத்துண்டு. வெட்டுத்துண்டு 20, அதனால் (0, 20)இல் முதல் புள்ளி. சாய்வு 15, ஒன்று வலப்பக்கம் போய்ப் பதினைந்து மேலே ஏறினால் (1, 35). இரண்டையும் ரூலர் வைத்துச் சேர்த்தால் கோடு தயார்.

3எக்ஸ் + 2ஒய் = 12 போல வந்தால் அந்தப் பொது வடிவத்துக்கு மாற்றியெழுதக்கூட வேண்டாம். எக்ஸுக்கு 0 போட்டால் ஒய் 6, ஒய்க்கு 0 போட்டால் எக்ஸ் 4. இரண்டு வெட்டுத்துண்டும் கிடைத்துவிட்டது. கோடு 4 வலப்பக்கம் போவதற்குள் 6 இறங்குகிறது, ஆகச் சாய்வு −6/4, அதாவது −1.5. அந்தக் குறைக்குறியை விட்டால் இறங்கவேண்டிய கோடு ஏறிவிடும், மதிப்பெண் போய்விடும்.

அமெரிக்கக் காணொளிகளில் 'சி' இருக்கவேண்டிய இடத்தில் 'பி' என்று எழுதுவார்கள். குழம்பவேண்டாம், அதுவும் இதே வெட்டுத்துண்டுதான்.