எரிமலை இல்லாத ஊரில் எப்படி வெந்நீர்?

மகளைப் பார்க்க இங்கிலாந்து போன வாசகர் ஒருவர், பாத் நகரத்தின் ரோமானியக் குளியல் கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு மூன்று கேள்விகள் அனுப்பியிருக்கிறார். தண்ணீர் ஏன் இப்படிப் பச்சையாக இருக்கிறது? அடியிலிருந்து குமிழ்கள் வருகின்றனவே, கொதிக்கிறதா? இங்கிலாந்தில் இன்று எரிமலையே கிடையாது, அப்புறம் தண்ணீரைச் சுட வைப்பது எது?

முதல் இரண்டையும் சீக்கிரம் முடித்துவிடலாம். பச்சை நிறத்துக்குக் காரணம் பாசி. ரோமானியர் காலத்தில் பெரிய குளத்துக்கு மேலே உயரமான வளைவுக் கூரை இருந்தது. இன்று வெயில் நேராக விழுகிறது. இதமான சூடும் வெளிச்சமும் தாது உப்புகளும் சேர்ந்தால் பாசிக்கு வேறென்ன வேண்டும்? ஊற்றிலிருந்து வரும்போது தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கிறது. குளத்தின் ஓரங்களில் தெரியும் காவி நிறக் கறை இரும்பினால் வருவது. பூமிக்கடியில் ஆக்சிஜன் இல்லாததால் கரைந்தே கிடந்த இரும்பு, காற்றுப் பட்டதும் துருவாகப் படிந்துவிடுகிறது.

குமிழ்களில் பெரும்பங்கு நைட்ரஜன். மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது கொஞ்சம் காற்றையும் கரைத்துக்கொண்டு போகிறது. வழியிலுள்ள தாதுக்கள் ஆக்சிஜனைத் தின்றுவிட, மிஞ்சுவது நைட்ரஜன். தண்ணீர் மேலே வந்து அழுத்தம் குறைந்ததும் அது வெளியேறுகிறது. தண்ணீரின் வெப்பம் 46 டிகிரி செல்சியஸ்தான், கொதிப்பதற்கு வெகுதூரம்.

மூன்றாவது கேள்விக்கு வருவோம். பாத்துக்குத் தென்மேற்கே மெண்டிப் குன்றுகள் இருக்கின்றன. மிக உயர்ந்த இடமே 325 மீட்டர்தான், மலை என்று சொன்னால் நம் ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். ஆனால் அது சுமார் 35 கோடி ஆண்டு பழைய சுண்ணாம்புப் பாறை, உடம்பெல்லாம் விரிசலும் குகையும். அங்கே பெய்யும் மழை விரிசல் வழியே இறங்குகிறது. இந்தப் பாறை அடுக்கு குன்றிலிருந்து சரிந்து, சாமர்செட்டின் பழைய நிலக்கரிப் படுகைக்கு அடியில் கிண்ணம்போல் ஆழத்துக்குப் போய், பாத் பக்கம் மறுபடி மேலே வருகிறது. அதன் மேல் தண்ணீரை எளிதில் விடாத களிப்பாறைகள் மூடியிருக்கின்றன. உள்ளே போன தண்ணீருக்கு இடையில் வெளியேற வழி இல்லை.

பூமிக்குள் இறங்க இறங்கச் சூடு ஏறும் என்பது பள்ளிப் பாடம். இந்தப் பகுதியில் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 20 டிகிரி என்று வைத்துக்கொள்ளலாம். எரிமலை தேவையே இல்லை, ஆழம் போதும். சரி, இறங்கிய தண்ணீர் ஏன் திரும்ப ஏறுகிறது? கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூபை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நுனி மெண்டிப் உச்சியில், மறு நுனி ஏவன் ஆற்றுப் பள்ளத்தாக்கில். உயர்ந்த நுனியின் நீர் தாழ்ந்த நுனியைத் தள்ளுகிறது. சூடான நீர் எடை குறைந்தது என்பதும் கொஞ்சம் உதவுகிறது. பாத்துக்குக் கீழே பாறைகளில் உள்ள பிளவுகள் ஏறுவதற்கு வழி கொடுக்க, நாளொன்றுக்குச் சுமார் 11,70,000 லிட்டர் வெளியே வருகிறது. இன்று வரும் நீர், மழையாக விழுந்து பல ஆயிரம் ஆண்டுகள் ஆகியிருக்கும் என்று கணித்திருக்கிறார்கள்.

தண்ணீர் எவ்வளவு ஆழம் போய் வந்தது என்று கேட்டால் 2.7 முதல் 4.3 கிலோமீட்டர் வரை என்கிறார்கள். அவ்வளவு ஆழத்துக்கு அங்கே யாரும் துளை போட்டுப் பார்க்கவில்லை. பிறகு எப்படித் தெரியும்? தண்ணீரே சொல்கிறது. இந்தக் கட்டுரையை நான் எழுத உட்கார்ந்ததே இந்த இடத்துக்காகத்தான்.

மணலில் இருக்கும் சிலிக்கா தண்ணீரில் கரையாது என்று நினைக்கிறோம். மிகக் கொஞ்சம் கரையும், சூடு ஏற ஏறக் கூடுதலாகக் கரையும். சிலிக்காவின் படிக வடிவமான குவார்ட்ஸ், அறை வெப்பத்தில் லிட்டருக்குப் பத்து மில்லிகிராம் அளவுக்குள்தான் கரையும். நூறு டிகிரியில் சுமார் 50 மில்லிகிராம். ஆழத்தில் தண்ணீருக்கு அவசரம் எதுவும் இல்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பாறையோடு ஒட்டிக் கிடந்து, அந்த வெப்பத்துக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவு சிலிக்காவைக் கரைத்துக்கொள்கிறது.

அழகே இனிமேல்தான். ஏறும்போது தண்ணீர் குளிர்கிறது. குளிர்ந்தால் கூடுதல் சிலிக்கா வெளியே படிய வேண்டும், இல்லையா? படிய வேண்டும், ஆனால் நேரம் வேண்டும். குறைந்த வெப்பத்தில் சிலிக்கா மூலக்கூறுகள் படிகமாகச் சேர்வது ஆமை வேகத்தில் நடக்கும் வேலை. பிளவு வழியே ஏறும் தண்ணீர் அதுவரை காத்திருப்பதில்லை. அதனால் கீழே இருந்தபோது கரைந்த சிலிக்கா அப்படியே மேலே வந்துவிடுகிறது. இப்போதைய வெப்பம் 46, ஆனால் தண்ணீருக்குள் பதிவாகியிருப்பது அது கண்ட உச்ச வெப்பம்.

பாத் நீரில் சிலிக்கா லிட்டருக்கு 40 மில்லிகிராமுக்குச் சற்று மேல். அது குவார்ட்ஸிலிருந்து கரைந்தது என்று கொண்டால், கீழே வெப்பம் 96 டிகிரி இருந்திருக்க வேண்டும். சிலிக்காவுக்குக் கால்செடனி என்று இன்னொரு வடிவம் உண்டு. நுண்படிகங்களால் ஆனது, குவார்ட்ஸைவிடச் சுலபமாகக் கரையும். அதிலிருந்து வந்தது என்றால் 64 டிகிரியே போதும். எது என்று உறுதியாகச் சொல்ல முடியாததால் இரண்டையும் எல்லைகளாக வைத்துக்கொள்கிறார்கள். தரைமட்டத்தில் சராசரி வெப்பம் 10 டிகிரி. 64-லிருந்து 10 போனால் 54, அதை 20-ஆல் வகுத்தால் 2.7 கிலோமீட்டர். 96-லிருந்து 10 போனால் 86, வகுத்தால் 4.3. எட்டாம் வகுப்புக் கணக்கு! ஒரு குவளைத் தண்ணீரை ஆய்வகத்தில் அளந்து, கண்ணால் பார்க்க முடியாத பாதாளத்தின் ஆழத்தைச் சொல்லிவிடுகிறார்கள். ஐஸ்லாந்து முதல் நியூசிலாந்து வரை புவிவெப்பம் தேடுகிறவர்கள் கோடிக்கணக்கில் செலவழித்துத் துளை போடுவதற்கு முன், முதலில் செய்வது இந்த மலிவான சோதனையைத்தான்.

இந்தக் கணக்கெல்லாம் தெரியாத காலத்தில், வெந்நீருக்கு சூலிஸ் என்ற தெய்வம் காரணமாக இருந்தாள். ரோமானியர் அவளைத் தங்கள் ஞான தெய்வமான மினர்வாவோடு சேர்த்து சூலிஸ் மினர்வா ஆக்கி, கோயில் கட்டினார்கள். ஊற்றிலிருந்து சுமார் 130 ஈயத் தகடுகள் கிடைத்திருக்கின்றன. எல்லாம் சாபங்கள், பெரும்பாலும் திருட்டுக்காக. டோசிமெடிஸ் என்பவர், தன் கையுறை இரண்டையும் திருடியவனுக்குப் புத்தியும் கண்ணும் போகட்டும் என்று எழுதிப் போட்டிருக்கிறார். அருங்காட்சியகத்தில் இந்தத் தகடுகளைத் தவறவிடாதீர்கள்.

சிரிக்கலாம், ஆனால் விஞ்ஞானத்தின் பெயரால் நடந்தது இதைவிட மோசம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த நீரில் ரேடியத்தின் சுவடும் ரேடானும் இருப்பது தெரிந்ததும், கதிரியக்க நீர் உடம்புக்கு நல்லது என்று விளம்பரம் செய்தார்கள். அதே நீரில் ஹீலியமும் உண்டு. பாறையிலுள்ள யுரேனியமும் தோரியமும் சிதையும்போது உண்டாவது. உண்மையான செய்தி அதுதான், ஆனால் அதை விற்க முடியாதே! குளியல் கூடத்தை ஒட்டிய பம்ப் ரூம் மண்டபத்தில் இந்த நீரைக் குடித்துப் பார்க்கலாம். சல்பேட்டும் கால்சியமும் நிறைந்த வெதுவெதுப்பான நீர். நோய் தீரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

1978-ல் நிஜமான ஆபத்து வந்தது. இந்த ஊற்று நீரில் நீந்திய ஒரு சிறுமி, நெக்லேரியா என்ற அமீபா மூளையைத் தாக்கி இறந்தாள். குளியல் நிறுத்தப்பட்டது. மேற்பரப்புப் படிவுகளில் அமீபா வளர்கிறது என்பதால், அவற்றைத் தொடாமல் ஆழத்திலிருந்தே நீரை எடுக்கப் புதிய துளைகள் போடப்பட்டன. அந்தத் துளைகளின் நீரில்தான் 2006-ல் திறந்த தெர்மே பாத் ஸ்பாவில் இன்று குளிக்கிறார்கள். ரோமானியக் குளத்தில் கை நனைக்கக்கூட அனுமதி இல்லை. காவலர் தடுத்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நேரம் இருந்தால் நியூ கிங் தெருவில் ஹெர்ஷல் வீட்டுக்கும் போய் வாருங்கள். வில்லியம் ஹெர்ஷல் 1781-ல் யுரேனஸைக் கண்டது அந்த வீட்டுத் தோட்டத்திலிருந்துதான். அதற்கு மன்னர் ஆண்டுக்கு 200 பவுண்டு கொடுத்தார். 1810-ல் இதே பாத் ஊற்று திடீரென்று நின்றபோது, தோண்டிப் பார்த்து, தண்ணீர் புதிய வழியில் திரும்பியிருந்ததைக் கண்டுபிடித்துச் சரிசெய்தவர் வில்லியம் ஸ்மித். இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் முதல் முழு நிலவியல் வரைபடத்தைத் தனி ஆளாக வரைந்தவர். அவருக்குக் கிடைத்தது 1819-ல் கடன்காரர் சிறை. வானத்துக்கு உடனே காசு உண்டு, காலுக்குக் கீழே இருப்பதை ஆராய்கிறவனுக்குத் தாமதமாகத்தான்; ஸ்மித்துக்கு அரசு ஓய்வூதியம் 1832-ல்தான் வந்தது. இன்றும் நிலத்தடி நீர் ஆய்வுக்கு நிதி கேட்டு அலைகிறவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது.

பாத் மட்டும் கொஞ்சம் தேறிவிட்டது. ஊற்றைச் சுற்றி ஆழமாகத் தோண்டுவதைக் கட்டுப்படுத்த 1982-லேயே சட்டம் வந்துவிட்டது. ஒரு துளை தவறான இடத்தில் விழுந்தால் அழுத்தம் அங்கே கசிந்து, ஊற்று வற்றிவிடலாம். 46 டிகிரி நீர் 10 டிகிரிக்குக் குளிரும்போது வெளியிடும் வெப்பத்தைக் கணக்கிட்டால் சுமார் 2,000 கிலோவாட் வருகிறது. நூற்றாண்டுக் கணக்காக அது சும்மா ஏவன் ஆற்றில் கலந்துகொண்டிருந்தது. சில ஆண்டுகளாக, ரோமானியர் கட்டிய வடிகாலிலேயே வெப்பப் பரிமாற்றிகளைப் பொருத்தி, பக்கத்திலுள்ள பாத் அபே தேவாலயத்தின் தரையைச் சூடாக்குகிறார்கள்.