ஏடிபியில் சர்க்கரை இல்லையாம்: நிரல் சொல்கிறது

இயற்கைச் சேர்மங்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவதற்கு முன், அவற்றில் ஒட்டியிருக்கும் சர்க்கரைகளைக் கணினியில் கழற்றிவிடுவது எங்கள் துறையில் அன்றாட வேலை. கழற்றாமல் விட்டால், சம்பந்தமே இல்லாத இரண்டு சேர்மங்கள் சர்க்கரைப் பகுதி ஒன்றுபோல இருப்பதாலேயே 'ஒத்தவை' என்று வந்து நிற்கும். ஆனால் நிரல் எதைச் சர்க்கரை என்று எடுத்துக்கொள்கிறது என்பதைப் பார்க்காமலே முடிவை அள்ளிக்கொண்டு போகிறவர்கள்தான் அதிகம்.

பெரும்பாலும் விதி இதுதான்: ஐந்து முதல் ஏழு அணுக்கள் கொண்ட வளையம், அதில் ஓர் ஆக்சிஜன், மற்றவை கார்பன், வளையத்துக்குள் இரட்டைப் பிணைப்பு கூடாது. கூடவே, வளையத்தில் நேரடியாகத் தொங்கும் ஆக்சிஜன்களை எண்ணி, வளைய அணுக்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 2020-இல் வெளிவந்த 'சுகர் ரிமூவல் யூட்டிலிட்டி' என்ற திறந்தமூலக் கருவியில் இந்த விகிதத்துக்கு முன்பே அமைந்திருக்கும் குறைந்தபட்ச வரம்பு 0.5.

குளுக்கோஸ் வளையத்துக்கு 4/6, தாராளமாகத் தேறிவிடும். இப்போது செல்களுக்குள் ஆற்றலைச் சுமந்து செல்லும் ஏடிபியை எடுங்கள். அதிலுள்ள ரைபோஸ் என்ற சர்க்கரையின் முதல் கார்பனில் நைட்ரஜன் உட்கார்ந்திருக்கிறது. மிஞ்சுவது இரண்டு ஆக்சிஜன், ஐந்து அணு வளையம்: 0.4. போச்சு! டிஎன்ஏவின் டிஆக்சிரைபோஸோ வெறும் 0.2. எரித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து இன்னும் வேடிக்கை: அதன் இரண்டு சர்க்கரைகளில் கிளாடினோஸ் சரியாக 0.5 வாங்கி நூலிழையில் தப்பிக்கிறது. ஆக்சிஜனுக்குப் பதில் அமினோ தொகுதியைச் சுமக்கும் டெசோசமைன் 2/6 என்று விழுந்துவிடுகிறது. ஒரே மருந்து, பாதி மட்டும் கழன்று வெளியே வருகிறது.

அப்படியானால் வரம்பைக் குறைத்துவிடலாமே என்பார்கள். குறைத்தால், சர்க்கரையே அல்லாத ஆக்சிஜன் வளையங்களும், அதுவும் பாலிகீட்டைடுகள் என்ற இயற்கைச் சேர்ம வகையில் ஏராளமாக இருப்பவை, உள்ளே நுழைந்துவிடும். எனக்குத் தெரிந்து எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. 0.5-லும் 0.4-லும் தனித்தனியாக ஓட்டி, எந்த மூலக்கூறுகள் கட்சி மாறுகின்றன என்று கண்ணால் பாருங்கள். அரைமணி நேர வேலை.

பிணைப்பு வகையும் காலை வாரும். ஆக்சிஜன் வழியாக இணைந்தவற்றை மட்டும் கழற்று என்று அமைத்திருந்தால், நேரடியாகக் கார்பனில் பிணைந்த குளுக்கோஸ் கொண்ட வைடெக்சின் என்ற தாவரச் சேர்மம் தொடப்படாமலே இருக்கும்.

எந்தச் சர்க்கரை என்று பெயர் சொல்ல வேண்டுமானால் பாடு இன்னும் அதிகம். ஹைபரோசைடு, ஐசோகுவெர்சிட்ரின் இரண்டும் குவெர்செடின் என்ற தாவரச் சேர்மத்தோடு ஒரு சர்க்கரை சேர்ந்தவை. இரண்டின் வாய்பாடும் C₂₁H₂₀O₁₂. ஒன்றில் காலக்டோஸ், மற்றதில் குளுக்கோஸ். நான்காம் கார்பனில் ஹைட்ராக்சில் எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது மட்டுமே வித்தியாசம். முப்பரிமாணத் தகவல் இல்லாமல் தரவுத்தளத்தில் ஏறிய பதிவில் இரண்டும் அச்சு அசலாக ஒரே வரி. ஆகவே மூலக்கூற்றின் அமைப்பை எழுத்துகளால் குறிக்கும் ஸ்மைல்ஸ் வரியில், அணுவைச் சுற்றித் தொகுதிகள் எந்தப் பக்கம் என்று சொல்லும் @ குறிகள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் 'குளுக்கோஸ்' என்று எழுதாதீர்கள், ஆறு கார்பன் சர்க்கரைகளின் பொதுப்பெயரான 'ஹெக்சோஸ்' என்று மட்டும் எழுதுங்கள்.