தடை தாய்க்குத்தான், பிள்ளைகளுக்கு இல்லை

போன மாதம் ஒரு பெண் என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். சிறையிலிருந்து வெளியே வந்து எட்டு மாதம் ஆகிறது. இரண்டு பிள்ளைகள். வருமானம் குறைந்தவர்கள் உணவு வாங்க அமெரிக்க அரசு மாதா மாதம் தரும் உதவிக்கு, அதாவது ஃபுட் ஸ்டாம்புக்கு, அவர் விண்ணப்பிக்கவே இல்லை. ஏன் என்று கேட்டேன். "எனக்கு வாழ்நாள் தடை இருக்கு, அதனால வீட்டுக்கே கிடைக்காதுன்னு சொன்னாங்க" என்றார். சொன்னவர் ஓர் உணவு வங்கியில் உதவிக்கு நின்ற தன்னார்வலர். தடை அந்தத் தாய்க்கு மட்டும்தான். பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய பணம் எட்டு மாதமாக யாரும் கேட்காமலே போயிருக்கிறது. இதே தவறான தகவலோடு இந்த ஆண்டு என்னிடம் வந்தவர்களில் இவர் நான்காவது ஆள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஃப்ளோரிடாவில் சிறையிலிருந்து வருகிறவர்களுக்கு வீடு, வேலை, உணவு உதவிக்கு மனுப் போட்டுக் கொடுப்பது என் வேலை. வார இறுதியில் உணவு வங்கிகளில் நிற்கிற தமிழர்கள் இங்கே நிறைய பேர். அவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

1996 ஆகஸ்ட் 22 அன்று அதிபர் பில் கிளிண்டன் நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டத்தில் கையெழுத்திட்டார். போதைப்பொருள் தொடர்பான பெருங்குற்றத்தில் தண்டனை பெற்றவர்களுக்கு ஆயுள் முழுக்க ஃபுட் ஸ்டாம்பும் குடும்ப உதவித்தொகையும் கிடையாது என்று அதில் ஒரு பிரிவு இருந்தது. கொலை செய்தவருக்கும் கொள்ளை அடித்தவருக்கும் இந்தத் தடை இல்லை என்பதைக் கவனியுங்கள். மாநிலங்கள் விரும்பினால் இதைத் தளர்த்தலாம். ஃப்ளோரிடா தளர்த்தி, 'கடத்தல்' குற்றத்துக்கு மட்டும் தடையை வைத்துக்கொண்டது.

அந்தக் 'கடத்தல்' என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழில் கடத்தல் என்றதும் படகும் பெட்டி பெட்டியாகச் சரக்கும்தான் நம் கண்முன் வரும். ஃப்ளோரிடா சட்டத்தில் 28 கிராம் கொக்கெய்ன் கையில் இருந்தாலே அது கடத்தல். ஹெராயின் என்றால் 4 கிராம் போதும். விற்றிருக்க வேண்டியதில்லை, எல்லையைத் தாண்டியிருக்க வேண்டியதும் இல்லை.

சரி, இனி என்னை மிகவும் சோர்வடைய வைக்கும் பேச்சுக்கு வருகிறேன். "சோறு கொடுத்தால் மட்டும் திருந்தப் போகிறார்களா? திரும்பவும் குற்றம் செய்கிறவன் எப்படியும் செய்யத்தான் போகிறான்." படித்தவர்கள், நல்ல மனம் உள்ளவர்கள்தான் இதைச் சொல்கிறார்கள். இது உண்மையா என்று பொருளியலாளர் கோடி டட்டில் சோதித்துப் பார்த்தார். அவருடைய ஆய்வு 2019இல் வெளியானது. அந்தச் சோதனை எப்படி நடந்தது என்று புரிந்துகொண்டால் இந்தப் பேச்சு நின்றுவிடும் என்று நம்புகிறேன்.

ஃப்ளோரிடாவின் தடை 1996 ஆகஸ்ட் 23 அன்றும் அதற்குப் பிறகும் நடந்த குற்றங்களுக்குத்தான். இரண்டு பேரை நினைத்துக்கொள்ளுங்கள். இருவரும் ஒரே குற்றத்தைச் செய்தவர்கள். ஒருவர் செய்தது 22ஆம் தேதி, மற்றவர் செய்தது 23ஆம் தேதி. முதலாமவர் வெளியே வந்தால் ஃபுட் ஸ்டாம்ப் வாங்கலாம், இரண்டாமவர் சாகும்வரை வாங்க முடியாது. ஒரு நாள் முன்பின்னாகக் குற்றம் செய்ததால் ஒருவர் நல்லவராகவும் மற்றவர் கெட்டவராகவும் ஆகிவிட மாட்டார் அல்லவா? அந்தத் தேதிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருப்பவர்கள் ஒரே மாதிரி ஆட்கள்தான். அவர்களுக்குள் இருக்கும் வேறுபாடு சாப்பாட்டு உதவி ஒன்றுதான். தடை விழுந்தவர்கள் மீண்டும் சிறைக்குப் போவது தெளிவாகக் கூடியிருந்தது. கூடியவையும் பெரும்பாலும் பணத்துக்காகச் செய்யும் குற்றங்கள். "அவன் குணமே அப்படி" என்றால் இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருந்திருக்க வேண்டும். இல்லை.

இதே சட்டத்தின் இன்னொரு பிரிவை மனாசி தேஷ்பாண்டேவும் மைக்கேல் மியூலர்-ஸ்மித்தும் ஆராய்ந்தார்கள். 18 வயதில் மாற்றுத்திறனாளி உதவித்தொகையை இழந்த இளைஞர்கள் மீதான குற்றச்சாட்டுகள் அடுத்த இருபது ஆண்டுகளில் 20 சதவீதம் கூடின. திருட்டு, மோசடி போன்ற வருமானத்துக்கான குற்றங்கள் மட்டும் 60 சதவீதம் கூடின. உதவித்தொகையை நிறுத்தியதால் மிச்சமான பணத்தைக் காவலும் சிறையும் ஏறக்குறைய முழுவதுமாகத் தின்றுவிட்டன.

அப்புறம், "சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானே" என்பார்கள். டட்டிலின் இன்னொரு ஆய்வு இதைப் பற்றியது. கூட்டரசு நீதிமன்றங்களில் கிராக் கொக்கெய்ன் (புகைக்கும் வகைக் கொக்கெய்ன்) 50 கிராமைத் தொட்டால் குறைந்தது 10 ஆண்டு சிறை என்று இருந்தது. 2010இல் அந்த வரம்பு 280 கிராமாக உயர்ந்தது. அதன் பிறகு சரியாக 280ஐ ஒட்டிய எடையில் வழக்குகள் திடீரென்று குவிந்தன. வழக்கில் காட்டும் எடை, கையில் பிடிபட்ட பொட்டலம் மட்டும் அல்ல, கூட்டாளிகள் வாக்குமூலத்தில் சொன்னதும் அதில் சேரும் என்பது எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் குவியல் கறுப்பின, ஹிஸ்பானிய மக்களிடம் மிக அதிகமாக இருந்தது. வயது, படிப்பு, முந்தைய குற்றங்கள், பிடிபட்ட அளவு என்று எதை வைத்துப் பார்த்தாலும் அந்த வேறுபாட்டை விளக்க முடியவில்லை. அரசு வழக்கறிஞர்களில் சுமார் 20 முதல் 30 சதவீதம் பேரின் முடிவுகளே இதற்குக் காரணம் என்று தரவு காட்டியது. 2013இல் சாட்சியத்துக்கான அளவுகோல் கடுமையானதும் அந்தக் குவியல் குறைந்தது. என் மேசைக்கு வருகிறவரின் வழக்குத் தாளில் இருக்கும் கிராம் கணக்கை, பலசரக்குக் கடைத் தராசில் நிறுத்த எடையைப் போல என்னால் இனிப் படிக்க முடியவில்லை.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது.

உணவு வங்கியில் நிற்கும்போது "உங்களுக்குக் கிடைக்காது" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அதை முடிவு செய்வது அரசு அலுவலகத்தின் வேலை. விண்ணப்பிக்கச் சொல்லுங்கள், அது போதும். தாய்க்கோ தகப்பனுக்கோ தடை இருந்தாலும் பிள்ளைகளுக்கு வாங்கலாம். ஆனால் தடை உள்ளவரின் வருமானமும் கணக்கில் சேரும், அதையும் சொல்லிவிடுங்கள். சிறிய அளவு வைத்திருந்ததற்காகத் தண்டனை பெற்றவர்களுக்கு ஃப்ளோரிடாவில் இந்தத் தடையே இல்லை. அவர்களும் பயந்துபோய்க் கேட்காமலே இருக்கிறார்கள். வேறு மாநிலத்தில் விதி வேறு, ஃப்ளோரிடாவில் கேட்டதை டெக்சாஸில் போய்ச் சொல்லாதீர்கள்.

தண்டனையை மறைத்து எழுத யாருக்கும் யோசனை சொல்லாதீர்கள். நல்ல எண்ணத்தில் அப்படிச் சொன்னவர்களால் புது வழக்கில் மாட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். மாத வருமானம் 150 டாலருக்குக் கீழே, கையிருப்பு 100 டாலருக்குள் என்றால் 7 நாளுக்குள் உதவி வர வேண்டும். இதை விண்ணப்பிக்கும்போதே கேட்கச் சொல்லுங்கள். மறுப்புக் கடிதம் வந்தால் கிழித்துப் போட வேண்டாம், மேல்முறையீட்டுக்கு 90 நாள் இருக்கிறது. தேதி போட்ட உறையையும் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள்.

அந்தப் பெண்ணின் விண்ணப்பத்தை அன்றைக்கே அனுப்பினோம். ஆறாவது நாள் ஃபுட் ஸ்டாம்ப் அட்டை வந்தது. மூன்று பேர் வீட்டில் இரண்டு பேருக்கான தொகை. விடுபட்ட எட்டு மாதத்துக்கு எதுவும் கிடையாது, விண்ணப்பித்த நாளிலிருந்துதான் கணக்கு.