சர்வே: அளப்பதா, கேட்பதா?

கையில் டேப்லெட்டோடு வந்த பெண், "சர்வே எடுக்க வந்திருக்கோம் ஐயா" என்றார். திண்ணையில் இருந்த பெரியவருக்கு முகம் மாறிவிட்டது. "எந்தக் கொல்லையம்மா? பக்கத்து நிலத்துக்காரன் மனு கொடுத்திருக்கானா?" நிலத்துக்காக வரவில்லை, வீட்டுச் செலவு பற்றி நாலு கேள்வி கேட்க வந்திருக்கிறோம் என்று புரியவைக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. கூடப் போயிருந்த எனக்கு அன்றிலிருந்து இந்தச் சொல்லின் மேல் ஒரு கண்.

பெரியவர் மேல் தப்பில்லை. தமிழில் சர்வே என்றால் முதலில் நிலம்தான். 1794இலேயே சென்னையில் நில அளவைப் பள்ளி தொடங்கிவிட்டது. இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரி அதிலிருந்து வளர்ந்ததுதான். 1802இல் ஆங்கிலேய ராணுவ அதிகாரி வில்லியம் லாம்டன் பரங்கிமலைப் பக்கம் ஏழரை மைல் நீளத்துக்குச் சங்கிலி பிடித்து அளந்தார். இந்தியா முழுவதையும் அளந்த பெரும் வேலைக்கு அதுவே அடிப்படைக் கோடு. அப்புறம் சர்வே நம்பர், சர்வே கல், சர்வேயர் எல்லாம் பத்திரம் வழியாக வீட்டுக்குள் வந்துவிட்டன. இவற்றுக்குப் புல எண், நில அளவை, நில அளவர் என்று நல்ல தமிழ் இருக்கிறது, அரசு ஆவணங்களில் புழக்கத்திலும் இருக்கிறது. அந்தப் பக்கம் சிக்கல் இல்லை.

சொல்லின் வேரைப் பார்த்தால் அதில் அளப்பதும் இல்லை, கேட்பதும் இல்லை. பார்ப்பது மட்டுமே உண்டு. லத்தீனில் 'சூப்பர்' மேலே, 'விதேரே' பார்த்தல். பழைய பிரெஞ்சில் இரண்டும் சேர்ந்து தேய்ந்து ஆங்கிலத்துக்குள் 'சர்வே' ஆகப் போனது. அதே இரண்டு வேர்களும் தேயாமல் போன இடத்தில் 'சூப்பர்வைஸ்' ஆயின. மேற்பார்வை என்று நாம் சொல்வது, வேரை வைத்துப் பார்த்தால், சர்வேக்கும் பொருந்துகிற மொழிபெயர்ப்பு! ஆனால் அந்த இடத்தில் மேஸ்திரி ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கிறார்.

சொல்லைக் கொடுத்த பிரெஞ்சுக்காரர்கள் வீடு வீடாகக் கேட்டு எடுக்கும் கணக்கை அந்தச் சொல்லால் குறிப்பதில்லை. அவர்களுக்கு அது 'ஆன்கேத்', அதாவது விசாரிப்பு. இந்திக்காரர்கள் ஒலியையும் பொருளையும் சேர்த்துப் பிடித்து 'சர்வேக்ஷண்' என்கிறார்கள்: சர்வ ஈக்ஷணம், எல்லாவற்றையும் பார்த்தல். கெட்டிக்காரச் சொல்தான். ஆனால் சில வீடுகளை மட்டும் பார்க்கிற வேலைக்கு 'எல்லாவற்றையும் பார்த்தல்' என்று பெயர் வைத்தது வேடிக்கை.

அந்தச் 'சில வீடுகள்' என்பதற்கு ஒப்புதல் வாங்கவே அறிஞர்கள் 30 ஆண்டுகள் சண்டை போட வேண்டியிருந்தது. உலகப் புள்ளியியலாளர்களின் பன்னாட்டு அமைப்பு 1885இல் உருவானது. 1895இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் அதன் கூட்டம். நார்வே நாட்டுப் புள்ளியியல் துறையின் தலைவர் ஆன்டர்ஸ் கியேர் எழுந்து, எல்லாரையும் எண்ண வேண்டாம், நாட்டைப் போலவே அமைந்த ஒரு பகுதியை எடுத்துப் பார்த்தால் போதும் என்றார். எண்ண முடிகிற இடத்தில் எண்ணாமல் கணக்குப் போட்டு ஊகிப்பதா என்று பெரியவர்கள் பாய்ந்தார்கள். 1925இல் ரோம் கூட்டத்தில்தான் அந்த முறைக்கு ஏற்பு கிடைத்தது. அதற்குப் பிறகும், அந்தப் பகுதியை ஆராய்ந்து பொறுக்குவதா, குலுக்கிப்போட்டு எடுப்பதா என்ற வழக்கு மிச்சமிருந்தது. குலுக்கல் பக்கம் 1934இல் வலுவாக வாதாடியவர் போலந்துப் புள்ளியியலாளர் யெஜி நெய்மன்.

நிலத்தின் சர்வேயும் வீட்டுவாசல் சர்வேயும் கைகுலுக்கிய இடம் ஒன்று உண்டு: வங்காளத்துச் சணல் வயல். 1937 முதல் இந்தியப் புள்ளியியலாளர் மகலனோபிஸ் குழுவினர் சணல் பரப்பைக் கணக்கிட்டபோது, நில அளவர்கள் வரைந்து வைத்திருந்த கிராம வரைபடங்களையே எடுத்துக்கொண்டார்கள். வரைபடத்தில் குலுக்கல் முறையில் புள்ளி வைத்து, அதைச் சுற்றிச் சதுரம் போட்டு, அதற்குள் விழுந்த வயல்களுக்கு மட்டும் ஆள் நடந்துபோய் என்ன பயிர் என்று குறித்துவந்தார். சதுரம் எவ்வளவு பெரிதாக இருந்தால் செலவும் பிழையும் கட்டுப்படும் என்றும் சோதித்தார்கள். நிலத்தை அளந்தவர் ஒரு வயலையும் விடவில்லை. பின்னால் வந்தவரோ பெரும்பாலான வயல்களை விட்டுவிட்டார். பெயர் மட்டும் இருவருக்கும் சர்வே.

இன்று இந்த இரண்டாவது வேலைக்காரர்களுக்குத் தனிச் சங்கமே இருக்கிறது. ஆங்கிலத்தில் 'இன்டர்நேஷனல் அசோசியேஷன் ஆஃப் சர்வே ஸ்டாட்டிஸ்டிஷியன்ஸ்'. 1973இல் தொடங்கியது, பெர்னில் கூடிய அந்தப் பன்னாட்டு அமைப்பின் ஒரு கிளை. ஆண்டுக்கு 2 முறை செய்தி இதழ் வருகிறது: நாட்டு வாரியாக யார் என்ன கணக்கெடுக்கிறார்கள், எங்கே பயிலரங்கு, அடுத்த மாநாடு எப்போது என்று. இரண்டாண்டுக்கு ஒருமுறை தாய் அமைப்பின் உலகப் புள்ளியியல் மாநாடு. 2023இல் ஒட்டாவா, 2025இல் தி ஹேக். இந்தியாவிலும் 1951இலும் 1977இலும் நடந்திருக்கிறது. சரி, இந்தச் சங்கத்தின் பெயரைத் தமிழில் எழுதச் சொன்னால்? 'சர்வே புள்ளியியலாளர்' என்றால் தாலுகா ஆபீஸ் ஞாபகம் வருகிறது.

பலர் 'ஆய்வு' என்று போட்டுவிடுகிறார்கள். கலெக்டர் மருத்துவமனைக்குப் போனாலும் ஆய்வு, முனைவர் பட்டத்துக்கும் ஆய்வு. எதற்கும் பொருந்துகிற சொல் இதற்கும் பொருந்துகிறது, அவ்வளவுதான். பொறுக்கி எடுக்கிற அந்தச் 'சில வீடுகளுக்கு', அதாவது சாம்பிளுக்கு, பள்ளிப் பாடநூலில் 'கூறு' என்கிறார்கள், கூறெடுப்பு என்கிறார்கள், கச்சிதமான சொல். ஆனால் அதோடு ஆய்வைச் சேர்த்துக் 'கூறாய்வு' ஆக்கினால் செய்தித்தாள் படிப்பவருக்குப் பிணவறை ஞாபகம் வரும், உடற்கூறாய்வு அந்த அளவுக்குப் பழகிவிட்டது. 'மாதிரி' எல்லாருக்கும் தெரிந்த சொல். இலங்கைப் பாடநூல்களும் அதையே ஆள்கின்றன. புள்ளியியலில் 'மாடல்' என்பதற்கும் சிலர் மாதிரி என்று எழுதுவதால் குழப்பம் உண்டு, அங்கே வேறு சொல் தேடிக்கொள்ளலாம்.

என் கை போவது 'மாதிரிக் கணக்கெடுப்பு' பக்கம். கணக்கெடுக்க வந்திருக்கிறோம் என்றால் திண்ணைப் பெரியவருக்குப் புரியும், நிலம் போய்விடுமோ என்று பயப்படவும் மாட்டார். சங்கத்தை 'கணக்கெடுப்புப் புள்ளியியலாளர் சங்கம்' என்று எழுதலாம். கொஞ்சம் நீளம், பரவாயில்லை. நான் கண்டிப்பாக மாற்றச் சொல்வது 'கருத்துக்கணிப்பு' ஒன்றைத்தான். கணிப்பு என்றாலே வருவதைச் சொல்வது, ஜோசியர் வேலை. இன்று ஆயிரம் பேரிடம் கேட்டது இன்றைய நிலவரம். அதற்குக் கணிப்பு என்று பெயர் வைத்துவிட்டு, தேர்தல் முடிவு வேறாக வந்ததும் 'கணிப்பு பொய்த்தது' என்று தலைப்புப் போடுகிறோம். 'கருத்தறிதல்' என்றிருந்தால் அந்தத் தலைப்புக்கே வேலை இல்லை.

மாநாடுகளில் இப்போது ஓயாமல் பேசப்படுவது 'நான்-ரெஸ்பான்ஸ்' என்கிற தலைவலி. ஆட்கள் பதில் சொல்ல முன்வருவது நாட்டுக்கு நாடு குறைந்துகொண்டே வருகிறது. தமிழில் 'பதிலின்மை' என்று எழுதுகிறேன். திண்ணையிலிருந்து இறங்கிய அந்தப் பெண் அடுத்த வீட்டுக்கு நேரே குறித்தது: 'பூட்டு. மாலை வரணும்.'