பழைய பட்டறை, புது முதலாளி: மானியம் கிடைக்குமா?

"கடையை எடுத்துட்டேன் அண்ணாச்சி. சப்சிடி லோன் போட்டு சரி பண்ணிரலாம்னு இருக்கேன்."

வரிக் கணக்கு எழுதுகிற என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து இப்படிச் சொல்கிற தம்பிமாரிடம் நான் முதலில் கேட்பது, "பணம் கொடுத்தாச்சா?" என்பதுதான். கொடுத்தாச்சு என்றால் பாதிக் கதவு சாத்தியாச்சு.

செங்கோட்டையிலிருந்து புளியரை வழியாகக் கேரளத்துக் கொல்லம் போகிற ரோட்டில் வண்டி பழுது பார்க்கிற ஒரு பழைய பட்டறை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தகரக் கூரை ஒழுகுகிறது. குழியில் ஆயில் ஊறிய மண். முப்பது வருடம் ஓட்டிய மேஸ்திரிக்கு முழங்கால் போய்விட்டது, கடையைக் கைமாற்றுகிறார். வாங்குகிறவருக்கு அரசுத் திட்டம் என்ன தரும்?

எல்லோரும் முதலில் சொல்வது பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம், அதாவது பி.எம்.இ.ஜி.பி. சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் ரூபாய் வரையிலான திட்ட மதிப்புக்கு இதில் மானியம் உண்டு. ஆனால் விதி கறாரானது: புதுத் தொழிலுக்கு மட்டுமே. ஏற்கெனவே ஓடுகிற தொழிலுக்குக் கிடையாது, வேறு அரசு மானியம் வாங்கிய தொழிலுக்கும் கிடையாது. போர்டில் பெயரை மாற்றி எழுதிவிட்டுப் புதுக்கடை என்று காட்டினால், வங்கி அலுவலர் நேரில் வந்து பார்க்கும் அன்றே தெரிந்துவிடும். துருப்பிடித்த கம்ப்ரசர் வாய் திறந்து சொல்லிவிடும்.

பழையவர் தன் தொழிலை முறையாக மூடிவிட்டு, நீங்கள் இடத்தை மட்டும் வாடகைக்கு எடுத்து, புது இயந்திரங்களோடு உங்கள் பெயரில் தொடங்கினால் கதை வேறு. அதைப் புதுத் தொழிலாக ஏற்பதா என்பதை மாவட்டத் தொழில் மையமும் வங்கியும்தான் சொல்ல வேண்டும். அதனால்தான் பணம் கைமாறும் முன்பே அங்கே போய்க் கேளுங்கள் என்கிறேன். இத்திட்டத்துக்கு 2022-இல் கிடைத்த ஒப்புதல் 2025-26 நிதியாண்டு வரைக்கானது. நீங்கள் போகும் நாளில் நடப்பில் இருக்கிறதா என்பதையும் சேர்த்தே கேளுங்கள்.

மானிய விகிதத்தில் நம் பக்கத்துக்கு ஒரு வேடிக்கை உண்டு. பொதுப்பிரிவினருக்கு நகர்ப்புறத்தில் 15 சதவீதம், ஊரகத்தில் 25. பெண்கள், பிற்படுத்தப்பட்டோர், பட்டியலினத்தவர், சிறுபான்மையினர் முதலானோருக்கு 25, 35. பஞ்சாயத்து எல்லைக்குள் இருந்தால் ஊரகம், நகராட்சி என்றால் நகரம். செங்கோட்டை நகராட்சிக்குள் இருக்கும் கடையைவிடப் புளியரை ஊராட்சியில் இருக்கும் கடைக்குப் பத்து சதவீதம் கூடுதல்! அந்தச் சிறப்புப் பிரிவில் 'எல்லைப் பகுதி' என்று ஒரு சொல்லும் வரும். அது அரசு தனியாக அறிவித்த பகுதிகளுக்கு. கேரள எல்லை செக்போஸ்ட் பக்கத்தில் கடை இருக்கிறது என்று அதில் டிக் அடிக்க வேண்டாம்.

இன்னொன்று, மானியத் தொகை கையில் வராது. மூன்று வருடம் வங்கியில் வைப்புத்தொகையாகக் கிடந்து, கடை ஓடுகிறதா என்று பார்த்த பிறகே கடனில் கழியும்.

பட்டியலினத்தவர், பழங்குடியினர் என்றால் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தை முதலில் பாருங்கள். 35 சதவீத மானியம், 6 சதவீத வட்டிச் சலுகை. ஓடுகிற தொழிலை விரிவுபடுத்தவும் இது பொருந்தும், அதுதான் பெரிய வித்தியாசம். 25 சதவீத மானியம் தரும் மாநில அரசின் இளைஞர் வேலைவாய்ப்புத் திட்டமும் உண்டு. ஆனால் அதற்கு மூன்று வருடம் இங்கே குடியிருந்திருக்க வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவில் வீடு, புளியரையில் கடை என்கிறவர்கள் இதில்தான் மாட்டுவார்கள்.

இவை எதுவும் சரிவரவில்லை என்றால் முத்ரா என்கிற மத்திய அரசின் சிறுதொழில் கடன். பழைய கடை, புதுக் கடை என்ற கேள்வியே இதில் இல்லை, சொத்து அடமானமும் கேட்கக் கூடாது. 50,000 வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண். மானியம் கிடையாது. ஆனால் ஒரு பின்வாசல் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. முத்ரா கடனை ஒழுங்காகக் கட்டி முடித்து, மூன்று வருடம் லாபம் காட்டினால், பி.எம்.இ.ஜி.பி.யின் இரண்டாம் கடனுக்கு விண்ணப்பிக்கலாம். சேவைத் தொழிலுக்கு 25 லட்சம் வரை, மானியம் 15 சதவீதம். பட்டறையைப் பெரிதாக்குவதற்கென்றே உள்ள கடன் அது.

இனி, வாங்குவது எதை என்று பார்ப்போம். பெரும்பாலும் கட்டடம் வாடகைதான். மேஸ்திரி விற்பது சாமான்களையும் வாடிக்கையையும். கட்டட உரிமையாளர் உங்கள் பெயரில் எழுத்துப்பூர்வமாக ஒப்பந்தம் போட்டுத் தராமல் கூரையில் ஒரு தகரத்தைக்கூட மாற்றாதீர்கள். 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழக வாடகைச் சட்டப்படி, உரிமையாளரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் வாடகைதாரர் இன்னொருவருக்குக் கைமாற்ற முடியாது.

அடுத்தது ஜி.எஸ்.டி. பழையவர் பதிவு பெற்றவராக இருந்தால், அவருடைய எண் உங்களுக்கு வராது. அது அவர் பான் எண்ணோடு ஒட்டியது. ஆனால் அவருடைய பாக்கி வரும். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 85-ஆவது பிரிவு, தொழில் கைமாறும் நாள்வரை நிலுவையில் உள்ள வரி, வட்டி, அபராதத்துக்கு விற்றவரும் வாங்கியவரும் சேர்ந்தே பொறுப்பு என்கிறது. அவர் கடைசியாகத் தாக்கல் செய்த படிவங்களைப் பார்க்காமல் கிரயம் பேசாதீர்கள். "எல்லாம் கட்டியாச்சு தம்பி" என்பது சான்று ஆகாது. பதிவு பெற்ற தொழிலை ஓடுகிறபடியே வாங்கினால், கைமாறிய நாளிலிருந்தே நீங்கள் புதிதாகப் பதிய வேண்டும். மற்றபடி உங்கள் வரவு வருடத்துக்கு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிய வேண்டும்.

சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவும் அப்படித்தான், உங்கள் பெயரில் புதிதாக எடுக்க வேண்டும். இது இலவசம். ஆதாரும் பானும் போதும். இதற்கு ஆயிரம் ரூபாய் கேட்கிறவரிடம் வணக்கம் சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.

வங்கிக்குப் போகும்போது "எட்டு லட்சம் வேணும் சார்" என்று மொட்டையாகக் கேட்டால் வேலைக்கு ஆகாது. வண்டியைத் தூக்குகிற டூ போஸ்ட் லிஃப்ட் ஒன்று, கம்ப்ரசர் ஒன்று, குழிக்கு கான்கிரீட், ஒயரிங் என்று ஒவ்வொன்றுக்கும் அதை விற்கிற கடையின் பெயரும் ஜி.எஸ்.டி. எண்ணும் உள்ள கொட்டேஷன் வேண்டும். கழிவு ஆயிலை யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்றும் யோசித்து வையுங்கள். அதை அனுமதி பெற்ற மறுசுழற்சியாளருக்குத்தான் கொடுக்க வேண்டும், பின்னால் ஓடுகிற ஓடையில் ஊற்றுவது குற்றம்.

கட்டடத்தையே வாங்குகிறவர்களுக்கு ஒன்று. செங்கோட்டை திருவிதாங்கூரோடும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த ஊர். மூலப்பத்திரம் மலையாளத்தில் இருக்க வாய்ப்புண்டு. வங்கி வக்கீல் அதற்கு மொழிபெயர்ப்பு கேட்பார், அதற்கே சில வாரம் ஓடிவிடும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே பத்திர நகலை வாங்கிப் பார்த்துவிடுங்கள்.